மூலக் கணக்கும் படியும்

கலவை அமைந்த இராணிப்பேட்டை மாவட்டம் தோல் தொழிலாற் பெயர் பெற்றது. அங்குள்ள ஓர் ஆலையின் இருப்புக் கணக்கு கணினித் தரவுத்தளத்தில் உள்ளதாகக் கொள்வோம். எழுத்தர் காலையில் அதனைத் தம் விரிதாளிற் படியெடுக்கிறார். நண்பகலில் நூறு தோல்கள் விற்றுப்போகின்றன. மூலம் மாறுகிறது, படி மாறுவதில்லை. அப்படியை நம்பி வணிகர்க்கு வாக்களித்தால் சொல் பொய்க்கும். விரிதாளை மூலத்தோடு நேரே இணைத்துவிட்டால், புதுப்பிக்குந்தோறும் அப்போதைய இருப்பு தோன்றும்.

படியெடுத்தலால் விளைந்த தீங்கிற்குச் சான்றும் உண்டு. 2020-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கொரோனாத் தொற்றாளர் விவரம் விரிதாள் வழியே மாற்றப்பட்டது. அப்பழைய வகைத் தாள் 65,536 வரிகளே கொள்ளும், மிஞ்சியவை விடுபட்டன. 15,841 பேர் கணக்கிற் சேரத் தாமதமாயிற்று. அவர்களோடு பழகியோர்க்கு எச்சரிக்கையும் தாமதமாயிற்று.

மாணவர்களே! இணைப்பு மூலத்தைத் திருத்தவும் இடந்தருமாயின், ஒருவர் கை தவறினும் மூலமே கெடக்கூடும். ஆதலின், காணும் உரிமையே பலர்க்குப் போதும். திருத்தும் உரிமை பொறுப்புடையார்க்கே உரியது.