டிராக்டர் கிளம்பவில்லையா? முதலில் சாவி சுவிட்சைப் பாருங்கள்!

குறுவைப் பட்டத்துக்காக மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. வாய்க்காலில் தண்ணீர் தலை காட்டியதும் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் உழவு வேண்டும். அந்த நேரத்தில் டிராக்டர் ஒரு நாள் படுத்துவிட்டால் சொந்த வயலின் உழவும் தள்ளிப் போகும். வாடகைக்கு ஒப்புக்கொண்ட உழவும் கை மாறிப் போகும்.

காவிரிப் பாசனப் பகுதியில் நடக்கும் கதை ஒன்று. ஊர் மாறும், ஆள் மாறுவார்; கதை மட்டும் மாறுவதில்லை. சிறு விவசாயி ஒருவர் பழைய டிராக்டர் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கி ஓட்டுகிறார். ஒரு நாள் காலையில் சாவியைத் திருப்பினால் ஓசையே இல்லை. பாட்டரி இறங்கிவிட்டது என்று கழற்றிச் சார்ஜ் போடக் கொடுக்கிறார். மறுநாள் மாட்டினால் கிளம்புகிறது. நான்கு நாள் கழித்து மீண்டும் அதே தொல்லை. பாட்டரியே போய்விட்டது என்று புதிது வாங்குகிறார். பத்து நாள் ஓடுகிறது. பிறகு நடு வயலில் நிறுத்திய வண்டி கிளம்ப மறுக்கிறது. அடுத்து செல்ப் மோட்டாரைக் கழற்றி வேலை பார்க்கிறார்கள். அப்போதும் தீரவில்லை.

கடைசியில் வந்த எலெக்ட்ரீஷியன் ஒரு சிறு பல்பையும் இரண்டு ஒயரையும் வைத்துக் கால் மணி நேரத்தில் பழுதைக் கண்டுபிடிக்கிறார். "பாட்டரியும் நல்லாயிருக்கு, செல்ப்பும் நல்லாயிருக்கு ஐயா. சாவி சுவிட்சுதான் போயிருக்கு" என்கிறார். "இதுக்காகவா தம்பி இவ்வளவு செலவு செஞ்சேன்?" என்று கேட்பதைத் தவிர அந்த விவசாயிக்கு வேறு வழியில்லை. சில நூறு ரூபாயில் தீர வேண்டிய பழுதுக்கு அவர் பல ஆயிரம் செலவழித்துவிட்டார்.

சோதிக்கும் வரிசை தெரிந்திருந்தால் இந்தச் செலவு வந்திருக்காது. அந்த வரிசையை விவசாயிகள் எளிதில் கற்றுக்கொள்ளலாம்.

மின்சாரம் போகும் வழி

டிராக்டரைக் கிளப்ப இரண்டு பாதைகளில் மின்சாரம் போகிறது. பாட்டரியிலிருந்து தடித்த கேபிள் வழியாகச் செல்ப் மோட்டாருக்குப் போவது பெரிய பாதை. டீசல் என்ஜினைச் சுற்ற நூற்றுக்கணக்கான ஆம்பியர் தேவை. அவ்வளவையும் சாவி சுவிட்ச் தாங்காது. எனவே செல்ப் மோட்டாரின் மேல் சொலினாய்டு என்ற காந்தச் சுவிட்ச் இருக்கிறது. சாவியைத் திருப்பினால் மெல்லிய ஒயர் வழியாகச் சொலினாய்டுக்கு மின்சாரம் போகும். அது 'டக்'கென்று இழுத்துப் பெரிய பாதையைத் திறந்துவிடும். இந்த மெல்லிய ஒயர்தான் சிறிய பாதை.

சிறிய பாதை என்றாலும் அதில் போகும் மின்சாரம் குறைவானதன்று. 60 வாட் முகப்பு விளக்கு ஒன்று 12 வோல்ட்டில் 5 ஆம்பியர்தான் எடுக்கும். சொலினாய்டு இழுக்கும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு எடுக்கும். ஒவ்வொரு முறை சாவியைத் திருப்பும்போதும் விடும்போதும் சுவிட்சுக்குள் இருக்கும் செம்புத் தகடுகளில் சிறு பொறி தட்டுகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படித் தட்டி, தகடு கருகுகிறது, ஸ்பிரிங் தளர்கிறது. அறுவடைத் தூசியும் சேற்றுழவில் தெறிக்கும் தண்ணீரும் மழை ஈரமும் அந்த அழிவை விரைவுபடுத்துகின்றன.

தகடு கருகிய சுவிட்ச் ஒரே நாளில் சாவதில்லை. சில சமயம் வேலை செய்யும். சில சமயம் செய்யாது. புதுப் பாட்டரி போட்டதும் கிளம்புவதற்குக் காரணமும் இதுதான். புதுப் பாட்டரியின் முழு வேகம் கருகிய தகட்டையும் தாண்டிக் கொஞ்சம் மின்சாரத்தைத் தள்ளிவிடுகிறது. கரி இன்னும் கூடியதும் அதுவும் நின்றுபோகிறது. பழுது தீர்ந்ததாக நினைத்தது தவறு. அது சில நாள் மறைந்திருந்தது, அவ்வளவுதான்.

முகப்பு விளக்கு சொல்லும் குறிப்பு

வண்டி கிளம்பாவிட்டால் முதலில் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும்.

விளக்கு மிகவும் மங்கினாலோ அணைந்தாலோ, பாட்டரி இறங்கியிருக்கிறது அல்லது பாட்டரி முனையும் எர்த் கேபிளும் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். 'டக் டக் டக்' என்று விடாமல் தட்டினாலும் பெரும்பாலும் இதே குறைதான்.

விளக்கு மங்காமல் பளிச்சென்று எரிந்து, ஓசையே வராவிட்டால் சிறிய பாதை எங்கோ அறுந்திருக்கிறது. சாவி சுவிட்ச், அதன் ஒயர், நியூட்ரல் சுவிட்ச், சொலினாய்டு ஆகியவற்றில் ஒன்றில்தான் குறை. பளிச்சென்று எரியும்போதே ஒரு முறை மட்டும் 'டக்' என்று கேட்டு என்ஜின் சுற்றாவிட்டால், சொலினாய்டின் உள் முனைகளையோ செல்ப் மோட்டாரையோ பார்க்க வேண்டும்.

எதற்கும் முன்பாகப் பாட்டரி முனைகளைச் சுத்தம் செய்துவிட வேண்டும். பச்சை, வெள்ளைப் பூப்பு இருந்தால் கிளாம்பைக் கழற்றி, ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உப்புத்தாளால் பளபளப்பாகத் தேய்த்து, இறுக மாட்டிய பின் மேலே வாசலைன் தடவலாம். சோடாத் தண்ணீர் பாட்டரிக்குள் போகக் கூடாது. எர்த் கேபிள் வண்டியின் இரும்பில் பிடிக்கும் இடத்தையும் துருப் போகத் தேய்க்க வேண்டும். பலர் மறந்துவிடும் இடம் இது. மீட்டர் இருந்தால், ஓய்வில் இருக்கும் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி இறங்கியிருக்கிறது.

பல்பு வைத்துச் சோதிக்கும் முறை

12 வோல்ட் வண்டிப் பல்பு ஒன்று, ஹோல்டர், இரண்டு கெஜ ஒயர், ஒரு முதலைக் கிளிப் ஆகியவை போதும். சோதனைக்கு முன் கியரை நியூட்ரலில் வைத்து, கைப் பிரேக்கைப் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும். என்ஜின் கிளம்பிவிடாமல் ஸ்டாப் கம்பியை இழுத்து வைக்க வேண்டும். ஒருவர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்ப, மற்றவர் சோதிக்க வேண்டும். கிளிப்பை வண்டியின் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டிக்கொண்டு மற்ற முனையால் வரிசையாகத் தொட்டு வர வேண்டும்.

1. சுவிட்சின் பின்புறம் பாட்டரியிலிருந்து வரும் ஒயர் முனை. சாவி போடாமலே இங்கு பல்பு எரிய வேண்டும். எரியாவிட்டால் சுவிட்சைக் குறை சொல்ல வேண்டாம். பாட்டரிக்கும் சுவிட்சுக்கும் இடையே ஒயரோ பியூசோ போயிருக்கிறது.

2. சுவிட்சின் ஸ்டார்ட் முனை. சாவியை முழுவதும் திருப்பிப் பிடிக்கும்போது எரிய வேண்டும். முதல் முனையில் எரிந்து இங்கு எரியாவிட்டாலும், மங்கலாக எரிந்தாலும், சாவியை ஆட்டும்போது விட்டுவிட்டு எரிந்தாலும் சுவிட்ச்தான் பழுது.

3. சொலினாய்டின் சிறிய முனை. சாவியைத் திருப்பும்போது ஸ்டார்ட் முனையில் எரிந்து இங்கு எரியாவிட்டால் இடையில் உள்ள ஒயரையும் நியூட்ரல் சுவிட்சையும் பார்க்க வேண்டும். இங்கும் பளிச்சென்று எரிந்து சொலினாய்டு இழுக்காவிட்டால்தான் செல்ப்பைக் கழற்ற வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பல்புக்குச் சிறிது மின்சாரமே போதும். கருகிய தகடுகூடப் பல்பை எரியவைத்துவிட்டுச் சொலினாய்டை இழுக்க முடியாமல் நிற்கலாம். சந்தேகம் இருந்தால் வோல்ட் மீட்டரின் ஒரு முனையைச் சுவிட்சின் பாட்டரி முனையிலும், மற்றதை ஸ்டார்ட் முனையிலும் வைத்துச் சாவியைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நல்ல சுவிட்சில் மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. 2, 3 வோல்ட் காட்டினால் அவ்வளவையும் சுவிட்சே விழுங்குகிறது என்று அறியலாம். சில முறை திருப்பியதும் சுவிட்சின் பின்புறம் சுடுவதும் இதற்கு அடையாளம்.

டீசலும் பெட்ரோலும்

பழைய டீசல் டிராக்டரில் சாவி சுவிட்ச் கிளப்புவதற்கு மட்டுமே. கிளம்பிய என்ஜின் அதன் பிறகு சாவியை நம்பி ஓடுவதில்லை. ஸ்டாப் கம்பியை இழுத்தால்தான் நிற்கும். ஆகவே ஓடும்போது நின்றுபோனால் டீசல் பாதையில் காற்று, அடைப்பு இவற்றைத் தேட வேண்டும். மின்சாரத்தால் டீசலை நிறுத்தும் அமைப்புள்ள வண்டிகளுக்கு இது பொருந்தாது.

பழைய பெட்ரோல் ஜீப், கார் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கு இக்னிஷன் காயிலுக்கும் இதே சுவிட்ச் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. மேடு பள்ளத்தில் குலுங்கும்போது வண்டி நின்று, சாவியை ஆட்டியதும் உயிர் வந்தால் சுவிட்சில் குறை என்று சந்தேகிக்கலாம். பெட்ரோல் வண்டியை நிறுத்திய பின் சாவியை 'ஆன்' நிலையில் விடக் கூடாது. காயில் சூடேறிக் கெட்டுப்போகும், பாட்டரியும் இறங்கும்.

உயிரோடு விளையாடாதீர்கள்

சுவிட்ச் வேலை செய்யாதபோது பலர் கீழே நின்றபடி திருப்புளியால் செல்ப் மோட்டாரின் இரண்டு முனைகளைத் தொட்டுக் கிளப்புகிறார்கள். இது மிகவும் ஆபத்தானது. வண்டி கியரில் இருந்தால் என்ஜின் பிடித்த கணமே டிராக்டர் நகரும். செல்ப் மோட்டாரின் பக்கத்தில் நிற்பவர் பின் சக்கரத்துக்கு நேர் முன்னால் நிற்கிறார். விலகுவதற்கு நேரம் இருக்காது. உலகின் பல நாடுகளில் விவசாயிகள் இப்படி இறந்திருக்கிறார்கள். பாட்டரியில் சேரும் வாயுவில் அந்தப் பொறி பட்டால் பாட்டரி வெடிக்கவும் கூடும்.

இந்த ஆபத்தை அந்த நாளிலேயே எண்ணிப் பார்த்துத்தான் 1946இல் இங்கிலாந்தில் வெளிவந்த பெர்குசன் டி.இ.20 டிராக்டரில் கியர் லீவரை 'எஸ்' என்ற நிலைக்குத் தள்ளினால் மட்டுமே செல்ப் சுற்றும்படி வைத்தார்கள். கியரில் இருக்கும்போது கிளப்பவே முடியாது. பின்னால் வந்த டிராக்டர்களில் நியூட்ரல் சுவிட்சும் கிளட்ச் சுவிட்சும் அந்தக் காவலைச் செய்கின்றன. அது கெட்டுவிட்டால் ஒயரை நேரடியாகச் சேர்த்துவிடும் வழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அப்படிச் செய்ய விவசாயிகள் இடம் கொடுக்கக் கூடாது. புதிது போடச் சொல்ல வேண்டும்.

வயலில் சுவிட்ச் கைவிட்டால் பாட்டரியின் எர்த் கிளாம்பைக் கழற்றிவிட்டு, சாவியைப் பத்துப் பதினைந்து முறை வேகமாகத் திருப்பி விடலாம். தகடுகள் ஒன்றோடொன்று உரசிக் கரி கொஞ்சம் விலகும். கிளாம்பை மாட்டிப் பார்த்தால் பல சமயம் வீடு போய்ச் சேரும் அளவுக்கு வேலை செய்யும். இது தற்காலிக உதவியே.

சுவிட்சை மாற்றும்போது

சுவிட்சைப் பிரித்துத் தகட்டைத் தேய்த்து மாட்டுவது சில நாளே தாங்கும். மாற்றிவிடுவதே சிக்கனம். முதலில் பாட்டரியின் எர்த் கிளாம்பைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு ஒயரிலும் துண்டுக் காகிதம் ஒட்டி எண் எழுதி, அந்த எண்ணைச் சுவிட்ச் முனைகளின் படத்திலும் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் கை வண்டியில் ஒயரின் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. முன்பு வேலை பார்த்தவர் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருக்கலாம். பழைய சுவிட்சைக் கடைக்கு எடுத்துச் சென்று, அதே எண்ணிக்கை முனைகளும் அதே வரிசையும் உள்ள தரமான சுவிட்சாக வாங்க வேண்டும். ஒயர் முனைகளைத் தேய்த்து இறுக்கமாக மாட்டி, கடைசியில் பாட்டரியை இணைக்க வேண்டும்.

புது சுவிட்சும் விரைவில் கருகாமல் இருக்க ரிலே ஒன்று பொருத்தச் சொல்லலாம். ரிலே இருந்தால் சொலினாய்டின் பாரத்தை அது தாங்கிக்கொள்ளும். சாவி சுவிட்சுக்கு ரிலேயைத் தட்டிவிடும் சிறு வேலை மட்டுமே மிஞ்சும். பியூசுடன் சேர்த்து இதைப் பொருத்துவது எலெக்ட்ரீஷியனுக்குச் சிறிது நேர வேலை. நியூட்ரல் சுவிட்சைத் தாண்டிவிடாமல் பொருத்துகிறாரா என்று கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிறகு பராமரிப்புதான். பத்து விநாடிக்கு மேல் செல்ப்பைச் சுற்றக் கூடாது. கிளம்பாவிட்டால் ஒரு நிமிடம் ஓய்வு கொடுத்து மீண்டும் சுற்றலாம். சாவியோடு கனமான கொத்தைத் தொங்கவிட வேண்டாம். வண்டியைக் கழுவும்போது சுவிட்சின் மேல் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது. மழையில் வெளியே நிற்கும் வண்டிக்குச் சுவிட்சின் மேல் ரப்பர் துண்டு ஒன்று மூடியாகக் கட்டலாம். சாவித் துளையில் எண்ணெய் விட்டால் தூசி ஒட்டும். பென்சில் கரித்தூள் சிறிது போடலாம்.

பட்டம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போதே பாட்டரி முனை, எர்த், சாவி சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் ஆகிய நான்கையும் ஒரு மாலைப் பொழுதில் சோதித்துவிடலாம். பல்பும் ஒயரும் டிராக்டரின் பெட்டியிலேயே இருக்கட்டும். அடுத்த முறை வண்டி கிளம்ப மறுத்தால், பாட்டரிக் கடைக்குப் போகுமுன் அந்தப் பல்பை எடுத்துச் சுவிட்ச் முனையைத் தொட்டுப் பாருங்கள்.