கரி உடைத்த கை

‘பொறுக்கி’ என்று யாராவது திட்டினால் உங்களுக்குக் கோபம் வரும். எனக்கு அவ்வளவாக வராது. காரணம், நான் நிஜமாகவே பொறுக்கியவன்... கரியை!

ஆரணி என்றதும் உங்களுக்குப் பட்டுப்புடவை ஞாபகம் வரும். (அரிசி ஞாபகம் வந்தால் நீங்கள் சாப்பாட்டு ராமன் கட்சி!) எனக்கு முதலில் ஞாபகம் வருவது சாயப்பட்டறை அடுப்பு. பட்டு, புழுக்கூட்டிலிருந்து வரும்போதே பளபளவென்று வருவதில்லை. கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு வெறும் பசை. சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்து அதைக் கழற்றினால்தான் மினுமினுப்பு வெளியே வரும். பிறகு சூடான தொட்டியில் முக்கிச் சாயம் ஏற்ற வேண்டும். இத்தனைக்கும் அந்த நாளில் எங்கள் தெருப் பட்டறையில் விறகு அடுப்புதான்.

வேலை முடிந்ததும் அடியில் செக்கச்செவேலென்று தணல் கிடக்கும். தண்ணீர் தெளித்தால் ‘உஸ்ஸ்...’ என்று அடங்கிக் கரியாகும். பட்டறைக்காரருக்கு அது குப்பை. எங்கள் வீட்டுக்கு அது ஒரு வாரத்துக் காப்பி, வெந்நீர்!

நான் சொல்வது எண்பதுகளின் கதை. அப்போது கேஸ் இணைப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கல்யாணமான கையோடு பதிவு செய்தால், பையன் ஒன்றாம் கிளாஸ் போகும்போது சிலிண்டர் வரும் என்று எங்கள் தெருவில் கிண்டல் உண்டு. மண்ணெண்ணெய் ரேஷனில் கிடைக்கும்... க்யூவில் நம் முறை வரும்வரை தீராமல் இருந்தால். ஆகவே, கரி!

எங்களுக்கு இன்னொரு சப்ளை லைனும் இருந்தது. விழுப்புரத்தில் எங்கள் பெரியப்பா. ஊருக்கு வருகிற பெரியப்பாக்கள் அல்வா வாங்கி வருவார்கள். எங்கள் பெரியப்பா அரை மூட்டை ரயில் கரி கொண்டு வருவார். நீராவி எஞ்சினில் ஃபயர்மேன் அள்ளிப் போடும் நிலக்கரி முழுசாக எரிந்துவிடாது. ஷெட்டில் எஞ்சினைச் சுத்தம் செய்யும்போது சாம்பலோடு பாதி வெந்த துண்டுகளும் குழியில் கொட்டும். அதற்கு ‘சிண்டர்’ என்று பெயர். அதைப் பொறுக்கி எடுக்கக் காண்டிராக்டர்களே இருந்தார்கள். வெயிலில் சாம்பல் மேட்டின் மேல் குனிந்து நிறையப் பெண்கள் பொறுக்குவார்கள். புகைகிற சரக்கெல்லாம் எஞ்சினிலேயே எரிந்துவிட்டதால், வீட்டு அடுப்பில் இந்தச் சிண்டர் அதிகம் புகையாது.

பெரியப்பா மூட்டையை இறக்கியதும் எங்கள் ஆயா குவாலிடி கண்ட்ரோலில் உட்கார்ந்துவிடும்.

“இன்னாடா இது... கிட்டத்தைப் போயி கரின்னு கொணாந்துக்கீறே?”

சாம்பல் உருகி இறுகினால் கண்ணாடி மாதிரி கட்டியாகிவிடும். அதுதான் கிட்டம். நாள் பூரா ஊதினாலும் பற்றாது. நல்ல சிண்டர் கையில் எடுத்தால் லேசாக இருக்கும். பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். ஆயாவுக்குக் கண்ணே வேண்டாம், கை போதும்.

அப்புறம் உடைக்கும் படலம். எலுமிச்சங்காய் சைஸ்தான் கணக்கு. பெரிதாக இருந்தால் மேல்தோல் மட்டும் சூடாகி, உள்ளே நெருப்பு பிடிக்காது. பொடியாகிவிட்டால் குமுட்டி அடுப்பின் கம்பி இடுக்கை அடைத்துக்கொண்டு காற்றே ஏறாது. சுத்தியலால் ஓங்கி அடிக்கக் கூடாது. கட்டியில் இருக்கிற வெடிப்பைப் பார்த்து ஒரு தட்டு. தூளாக விழுவதையும் விடமாட்டோம். சாணியோடு பிசைந்து உருண்டை பிடித்துக் காய வைத்தால் அதுவும் எரியும்.

இந்த வேலையை யார் செய்வது என்பதில்தான் எங்கள் ஊரின் சங்கதியே இருக்கிறது. நைனா தறியில் உட்காருகிறவர். அம்மா தார் சுற்றுகிறவர். பட்டு இழை இருக்கிறதே... தோல் கொஞ்சம் சொரசொரத்தால் போதும், சிக்கிப் பிரியும். கரித்தூள் ஒரு விரல் பட்டால் கல்யாணச் சேலை கறைச் சேலை ஆகிவிடும். ஆகவே எங்கள் வீட்டில் கைகளை இரண்டு ஜாதியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். பட்டுத் தொடும் கை, கரி தொடும் கை. ஆயாவும் நானும் இரண்டாவது. ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புறத்தில் நாங்கள் உடைத்தால்தான் திங்கட்கிழமை அந்தக் கைகள் சுத்தமாகத் தறிக்குப் போகும். முதலாளி கொடுக்கும் கூலிக் கணக்கில் எங்கள் இருவர் பெயரும் கிடையாது என்பது வேறு விஷயம்!

ஆரணியில் குளிருக்குக் கணப்பு மூட்டும் வழக்கம் பெரிதாக இல்லை. ஆனால் வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்து, அது மார்கழியாகவும் இருந்தால், சட்டியில் தணல் போட்டு அறைக்குள் வைப்பார்கள். அதற்கு ஆயா இரண்டு சட்டம் போட்டிருந்தது. கரி மொத்தமும் வெளியிலேயே சிவந்து கங்காக வேண்டும். உள்ளே வைத்தால் கதவு திறந்தே இருக்க வேண்டும். “சாத்துனா உசுரு பூடும்!” கெமிஸ்ட்ரி படித்தபோதுதான் எனக்கு விவரம் புரிந்தது. கரிக்கு மேலே நீலமாக ஆடும் சுடர், கார்பன் மோனாக்ஸைடு எரிகிற சுடர். எரியாமல் தப்பிய வாயுவுக்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. சிவந்த கங்கிலும் அது உண்டு. மலை ஊர்களில் ரூம் போட்டு, கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தித் தூங்குகிற இளைஞர்களே... எங்கள் ஆயாவின் இரண்டாவது சட்டத்தைத் தயவுசெய்து மனப்பாடம் செய்யுங்கள்!

கரி பொறுக்குவது ஏழை நாட்டுச் சமாசாரம் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆபீஸ் மனமகிழ் மன்ற லைப்ரரியில் ஜார்ஜ் ஆர்வெல் புத்தகம் ஒன்று கிடைத்தது. 1936-ல் இங்கிலாந்தின் விகன் பக்கம் போய்ப் பார்த்ததை 1937-ல் எழுதியிருக்கிறார். சுரங்கக் கழிவு மேட்டில், குளிரில், ஆணும் பெண்ணும் மண்டி போட்டுக் கரி பொறுக்குகிறார்கள். அவர்கள் காலடியில் பூமிக்குள் டன் டன்னாகக் கரி! மேட்டில் கொட்டியது குப்பைதான். ஆனால் அதைப் பொறுக்குகிறவன் மேல் கம்பெனி அவ்வப்போது திருட்டு வழக்குப் போடுமாம். யாரும் குனியாதவரை குப்பை, குனிந்துவிட்டால் சொத்து!

அதே நாட்டில் 1984 மார்ச்சில் தொடங்கி ஒரு வருஷம் நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது பழைய மேடுகளில் மறுபடி பொறுக்க ஆரம்பித்தார்கள். அந்த நவம்பரில் யார்க்ஷயரின் கோல்ட்தார்ப் ஊரில், வீட்டுக் கணப்புக்குக் கரி தோண்டிய இரண்டு சகோதரர்கள் மண் சரிந்து செத்துப் போனார்கள். வயது 15, 14. நான் கொல்லையில் கரி உடைத்துக்கொண்டிருந்த அதே எண்பதுகள். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அடுத்த பக்கம் புரட்டவில்லை.

நம் நாட்டில் பார்க்க வேண்டுமானால் ஜார்க்கண்டின் ஜரியாவுக்குப் போக வேண்டும். 1916-லிருந்து அங்கே பூமிக்கடியில் நெருப்பு எரிகிறது. சுரங்க ஓரங்களில் குடும்பமாகக் கரி பொறுக்கி, உடைத்து, குவித்துக் கொளுத்திப் புகையைப் போக்கி, சைக்கிளில் கட்டுகிறார்கள். ஒரு சைக்கிளில் இரண்டு குவிண்டாலுக்கு மேல்! ஏறி மிதிக்க முடியாது. ஊர் ஊராகத் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும். சுரங்கங்கள் 1971-73-ல் தேசியமயமான பிறகு சட்டப்படி அந்தக் கரி அவர்களுடையதல்ல. அதனால் வழியில் பயம் வேறு. வாங்குகிற டீக்கடைக்கு அது ‘சீப்’ கரி. தள்ளுகிறவனின் முதுகைக் கேட்டால்தான் நிஜ விலை தெரியும்.

நம் வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ கேஸ். விலை ஏறும்போதெல்லாம் நானும் உங்களைப் போலப் புலம்புகிறேன். ஆனால் ஒன்று தெரிகிறது. நெருப்பு யாருக்கும் ஓசியில் கிடைத்ததில்லை. காசாகக் கொடுக்க முடியாதவர்கள் கையாக, முதுகாக, சில சமயம் பிள்ளையாகவே கொடுத்திருக்கிறார்கள்.

ஆரணிப் பட்டு கட்டிய பெண்ணைக் கல்யாண வீட்டில் பார்த்தால் தாராளமாக ரசியுங்கள், தப்பில்லை. அந்தப் பளபளப்பில் கரி தொட்ட கைகளுக்கும் ஒரு பங்கு உண்டு. கறை படாமல் இருப்பதுதான் எங்கள் கையெழுத்து!