எந்த வீட்டுக்கு எந்த நாய்?

நாய் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த நாய் அழகு?" என்பதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

சில ஆண்டுகளுக்கு முன் யோங் பெங்கில் உள்ள எங்கள் வரிசை வீட்டுக்கு ஒரு சைபீரியன் ஹஸ்கி குட்டியைக் கொண்டு வந்தேன். அதன் நீலக் கண்ணில் மயங்கிவிட்டேன். ஆனால், படப்பிடிப்புக்காகப் பாதி வாரம் நான் கோலாலம்பூரில் இருப்பேன். வெயிலில் அது வாடியது, தனிமையில் ஊளையிட்டது. பொறுத்துப் பார்த்த அண்டை வீட்டார் கடைசியில் வந்து சொன்னார்கள். ஆறாவது மாதம், பெரிய இடவசதி உள்ள ஒரு குடும்பத்திடம் அதை ஒப்படைத்தேன். காரில் ஏறும்போது அது என்னைத் திரும்பிப் பார்த்தது. தவறு நாயிடம் இல்லை, என்னிடம்தான். அதனால்தான் இன்று இந்தத் தலைப்பு.

முதலில் வீடு

உங்கள் வீடு எப்படிப்பட்டது? வரிசை வீட்டில் ஒரு நாய்க்கு மட்டுமே பல ஊராட்சி மன்றங்கள் உரிமம் தருகின்றன. அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் அனுமதியே கிடைப்பதில்லை. ஆகவே, குட்டியைப் பார்க்கும் முன் மன்றத்தில் கேளுங்கள். பிட்புல், அகிதா, தோசா போன்ற இனங்களை நம் நாட்டுக்குள் கொண்டு வரத் தடை உண்டு. ரோட்வைலர், டோபர்மேன் போன்றவை கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. பக்கத்து வீட்டில் முஸ்லிம் குடும்பம் இருந்தால், நாய் வேலி தாண்டாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

அடுத்து வெயில்

நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுக்க வியர்ப்பதில்லை. மூச்சிரைத்துத்தான் அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. பக், புல்டாக், ஷீ ட்ஸூ போன்ற குட்டை மூக்கு இனங்களுக்கு அதுவே சிரமம். ஹஸ்கிக்கோ பனிப் பிரதேசத்துக்கான இரட்டை ரோமம். ஜொகூர் வெயிலில் இவற்றை வெளியில் கட்டிப் போடுவது கொடுமை.

பிறகு நேரம்

கணவன், மனைவி இருவரும் காலை ஏழு மணிக்குக் கிளம்பி இரவு திரும்பும் வீட்டில் லாப்ரடோர் வேண்டாம். தினமும் ஓடியாடாவிட்டால் அது எளிதில் பருத்துவிடும். வயதான பெற்றோர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு இழுத்துத் தள்ளாத சிறிய நாய் போதும். பூடல் வளர்க்கலாம், ஆனால் ரோமத்தை முறையாக வெட்டிச் சீவ வேண்டும். தடுப்பூசி, பூச்சி மருந்து, உண்ணித் தடுப்பு, கருத்தடை எல்லாம் செலவுதான். பத்துப் பதினைந்து ஆண்டு உறவு இது. மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்த பின் முடிவெடுங்கள்.

நம் நாட்டு நாய்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு நாட்டு நாயைத் தெரியும். இந்தச் சூட்டுக்குப் பழகிய உடம்பு, காவலுக்கும் கெட்டி. தெலோமியன் என்ற இனமே நம் மலேசிய நாய்தான். ஓராங் அஸ்லி மக்கள் வளர்த்து வந்த அதை 1963-இல் அமெரிக்க மானுடவியலாளர் ஓர்வில் எலியட் கண்டறிந்தார். தெலோம் ஆற்றின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. தமிழ்நாட்டின் ராஜபாளையம் நாயும் பெருமைக்குரியது. 2005-இல் இந்திய அஞ்சல் தலையிலும் இடம் பெற்றது. ஆனால் அது வேட்டை நாய். ஓட இடமில்லாத வரிசை வீட்டில் அதை அடைப்பது பாவம். வெள்ளை நிறக் குட்டிகளில் பிறவிச் செவிட்டுத்தன்மை வருவதும் உண்டு.

தெருவில் பிறந்த குட்டியைத் தத்தெடுப்பது நல்ல காரியம். எட்டு வாரம் ஆகும் வரை தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வளர்க்க முடியவில்லை என்று செம்பனைத் தோட்டத்தில் விட்டுவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். 2015 விலங்கு நலச் சட்டப்படி, விலங்கைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 2023 மார்ச்சில் இங்கு வெள்ளம் வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சங்கிலியில் கட்டிய நாய்க்கு நீச்சல் தெரிந்து என்ன பயன்? அன்று யார் அவிழ்த்துவிடுவார் என்பதையும் இப்போதே யோசியுங்கள்.

நாயைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் வாழ்க்கையை ஒரு முறை பாருங்கள், நேயர்களே. நமக்குப் பல உறவுகள். அதற்கு நாம் மட்டும்தான்.