ஷிப்ட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே

விடியற்காலை. ஓரகடம் கூட்டுரோட்டில் கழுத்தில் அடையாள அட்டையோடு கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் கூட்டம். ஆனால் சட்டமன்றத் தேர்தல் நாளன்று அந்தக் கூட்டம் ஓட்டுச்சாவடியில் நிற்க வழிவிட வேண்டும் என்கிறது சட்டம்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-இன் 135பி பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது: ஓட்டுரிமை உள்ள தொழிலாளிக்கு வாக்குப்பதிவு நாளில் சம்பளத்துடன் விடுமுறை. தினக்கூலிக்காரருக்கும் உண்டு, அன்றைய கூலியைப் பிடிக்கக் கூடாது. தொழிலாளி வராவிட்டால் ஆபத்தோ பெரும் நஷ்டமோ நேரும் என்கிற வேலைகளுக்கு மட்டும் விலக்கு. மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான். இவ்வளவு பெரிய உரிமைக்கு இது மிகச் சிறிய காவல்!

ஓரகடம் இருக்கும் ஸ்ரீபெரும்புதூர் 29-ஆம் எண் சட்டமன்றத் தொகுதி, தனித்தொகுதி. 2021 ஏப்ரல் 6 அன்று நடந்த தேர்தலில் இங்கே வென்றவர் காங்கிரஸின் செல்வப்பெருந்தகை. 1986-இல் மேலவை கலைக்கப்பட்டதால், தமிழ்நாட்டில் மாநிலச் சட்டங்களை இயற்றுவது 234 உறுப்பினர் கொண்ட சட்டமன்றம் என்ற ஒரே அவைதான்.

வெளியூரிலிருந்து வந்து இங்கேயே வாடகை வீட்டில் தங்கிவிட்டவர்களுக்கு ஒரு செய்தி. சொந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கும் பெயரை இங்கே மாற்றிக்கொள்ள படிவம் 8. முதன்முறையாகப் பெயர் சேர்க்க படிவம் 6.