தாய்க்கொடியும் தனிக்கொடியும்

ஓடைப்பட்டியில் திராட்சை பயிரிட யாரும் விதை தேடுவதில்லை. அந்த ஊர் பெயர் வாங்கியதே விதையில்லாத் திராட்சைக்குத்தான். நன்றாகக் காய்க்கும் கொடியில் குச்சி வெட்டி, வேர்விட வைத்து நடுகிறார்கள். மென்பொருளிலும் ஒரு திட்டத்தின் நிரல் முழுவதையும் அதன் வரலாற்றோடு நகலெடுத்துத் தனியாக வளர்ப்பதுண்டு. அதற்கு ஃபோர்க் என்று பெயர். வெட்டிய குச்சிக்குத் தாய்க்கொடியிலிருந்து அப்புறம் ஒன்றும் வராது. ஃபோர்க்குக்கு வரும், நாம் போய் எடுத்து வந்தால்.

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸும் இப்படித்தான், டெபியன் என்ற லினக்ஸிலிருந்து பிறந்தது. இந்திய மொழி வசதிகள் அதன்மேல் சேர்ந்தவை. ஆனால் டெபியன் அங்கேயே நின்றுவிடவில்லை. பிழை திருத்துகிறார்கள், பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கிறார்கள். அந்தத் திருத்தங்களைக் கொண்டுவராமல் விட்டால், ஊருக்கே தெரிந்த ஓட்டை நம்மிடம் மட்டும் திறந்து கிடக்கும்.

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்க லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய கிட் கருவியில், மூலத்தின் மாற்றங்களைக் கொண்டுவர வழி எளிது. மூலத் திட்டத்தின் முகவரியை, வழக்கமாக ‘அப்ஸ்ட்ரீம்’ என்ற பெயரில், ஒருமுறை பதிந்துவைத்தால் போதும். ‘ஃபெட்ச்’ அங்குள்ள புது மாற்றங்களை இறக்கும். நம் கோப்புகளைத் தொடாது. ‘மெர்ஜ்’ இரண்டையும் இணைக்கும். ‘ரீபேஸ்’ நம் மாற்றங்களைக் கழற்றி, மூலத்தின் புதிய நிலைக்கு மேல் ஒவ்வொன்றாக மறுபடி அடுக்கும். பலர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் ரீபேஸ் செய்தால் வரலாறு மாறி மற்றவர்கள் திண்டாடுவார்கள். ஒரே வரியை இருதரப்பும் வெவ்வேறாக மாற்றியிருந்தால், அதாவது மோதல் வந்தால், கிட் தீர்ப்புச் சொல்லாது. இரண்டையும் அடையாளமிட்டு நம்மிடமே விட்டுவிடும். கிட் திட்டங்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில், ஃபோர்க்கை மூலத்தோடு ஒத்திசைக்கவென்றே ஒரு பொத்தான் உண்டு. அங்கும் மோதல் வந்துவிட்டால் நாம்தான் உட்கார்ந்து தீர்க்க வேண்டும்.

எந்த மோதலும் காட்டாத தவறுதான் பயங்கரமானது. 2006இல் டெபியனில், சோதனைக் கருவி எச்சரித்தது என்று ஓப்பன்எஸ்எஸ்எல் குறியாக்க நிரலில் இரண்டு வரிகளை முடக்கினார்கள். ரகசியச் சாவிக்கு வேண்டிய தற்செயல்தன்மையை ஊட்டிய வரி அதில் ஒன்று. மிஞ்சியது கணினி தரும் செயல்முறை எண் மட்டுமே. ஒவ்வொரு சாவி வகையிலும் 32,768 சாவிகளுக்கு மேல் பிறக்க வழியில்லை. மூல ஓப்பன்எஸ்எஸ்எல்லில் இந்தக் கோளாறு கிடையாது. ஆனால் டெபியனிலிருந்து நிரலை எடுத்துக்கொண்ட உபுண்டு லினக்ஸுக்கு அதுவும் சேர்ந்தே போனது. 2008 மே மாதம்தான் விஷயம் வெளியே வந்தது.

ஆகவே மெயின் பிராஞ்சை, அதாவது முதன்மைக் கிளையை, மூலத்தின் அச்சு நகலாகவே வைத்துக்கொண்டு, சொந்த மாற்றங்களைத் தனி பிராஞ்சில், எண்ணிக்கை குறைவாக வைத்திருப்பதே புத்திசாலித்தனம் என்பேன். தமிழ் மொழிபெயர்ப்பில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினால்கூட அதை மூலத்துக்கு அனுப்பிவிடலாம். அங்கே ஏற்றுக்கொண்டால், அடுத்த ஒத்திசைவிலிருந்து அந்தத் திருத்தத்தை நாம் சுமக்க வேண்டியதில்லை.