மலையையும் படிப்போம் நண்பர்களே!



எங்கள் வகுப்பில் பதினோரு பேர் மாதம் ஒரு ஞாயிறு மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு நடைப்பயணம் போகிறோம். சங்கமும் கிடையாது, சந்தாவும் கிடையாது. பஸ் காசு இருந்தால் போதும். "இதுல என்னப்பா இருக்கு?" என்று கேட்பவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

முதல் பயணம் கீழக்குயில்குடி சமணர் மலை. காலை பத்து மணிக்குப் படியேறினோம். ஆளுக்கு அரை லிட்டர் தண்ணீர். பாதி வழியிலேயே பாறை கொதிக்க ஆரம்பித்து, ஒரு நண்பனுக்குத் தலை சுற்றிவிட்டது. நிழலில் உட்கார வைத்து, இருந்த தண்ணீரை எல்லாம் அவனுக்கே கொடுத்து, மெதுவாக இறக்கிக் கூட்டி வந்தோம். கணக்குப் போடாமல் கிளம்பியதுதான் எங்கள் தப்பு.

அந்தக் கணக்கு நம் சர்வே பாடத்திலேயே இருக்கிறது. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 டோப்போ ஷீட்டில் 2 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. பொதுவாக இரண்டு கான்டூர் கோடுகளுக்கு நடுவே 20 மீட்டர் உயரம். பத்துக் கோடு தாண்டினால் 200 மீட்டர் ஏற்றம். 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு விதி சொன்னார். மணிக்கு 5 கி.மீ. நடை, 100 மீட்டர் ஏற்றத்துக்குப் 10 நிமிடம் கூடுதல். 6 கி.மீ. தூரம், 200 மீட்டர் ஏற்றம் என்றால் 72 + 20 = 92 நிமிடம். நம்ம ஊர் வெயிலுக்கு நாங்கள் இன்னும் பாதி நேரம் சேர்த்து, சுமார் இரண்டேகால் மணி என்று வைத்துக்கொள்கிறோம்.

இப்போது எங்கள் வழக்கம் இதுதான்:

1. விடிந்ததும் ஏறி, ஒன்பது மணிக்குள் இறங்கிவிட வேண்டும்.
2. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர்.
3. மெதுவாக நடப்பவர் முன்னால், வழி தெரிந்த ஒருவர் கடைசியில்.
4. அழகர்மலை போன்ற காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது.
5. கொண்டுபோன பிளாஸ்டிக் நம்மோடே திரும்ப வேண்டும். பாறையில் பெயர் கிறுக்கவே கூடாது.

அடுத்த முறை விடியற்காலையில் போனோம். செட்டிப்புடவில் தீர்த்தங்கரர் சிற்பம், பேச்சிப்பள்ளத்தில் வட்டெழுத்துக் கல்வெட்டு எல்லாம் நிதானமாகப் பார்த்தோம். மேலே ஒரு சுனை இருந்தது. உச்சிப் பாறையில் தண்ணீர் எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். அவர் கல்குவாரியில் வேலை பார்ப்பவர், பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டியது நான்தான். நான் மலைக்குப் போவதே அவருக்குப் பிடிக்காது. "மலையை ஒடச்சுத்தான் உன்னைப் படிக்க வைக்கிறேன். நீ அதைச் சுத்திப் பாக்கப் போறியா?" என்பார். அன்றைக்கு மட்டும் பொறுமையாகச் சொன்னார்: "பாறையில வெடிப்பு இருக்கும்யா. மழைத்தண்ணி அதுல எறங்கித் தங்கும். கொஞ்சம் கொஞ்சமா கசியும். கல்லை எடுத்துட்டா தண்ணியும் போச்சு."

மேலூர் பக்கம் உள்ள அரிட்டாபட்டிக்குப் போனபோது அது கண்ணால் புரிந்தது. குன்றில் விழும் மழை சுனைக்கும் ஓடைக்கும் போய், கண்மாய் நிறைந்து, வயலுக்குப் பாய்கிறது. சுமார் 193 ஹெக்டேர் கொண்ட அந்தப் பகுதி 2022-ல் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் மக்கள் திரண்டு எதிர்த்ததால் 2025 ஜனவரியில் மத்திய அரசு அதை ரத்து செய்தது.

நண்பர்களே, நாம் சிவில் படிக்கிறோம். ஜல்லி இல்லாமல் கான்கிரீட் இல்லை. அப்பாவின் கூலி இல்லாமல் என் ஃபீஸும் இல்லை. அதனால் கல்லே எடுக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் குன்று எந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் தருகிறது என்று தெரியாமல் நாளைக்கு நாம் எஸ்டிமேட் போடக் கூடாது. அதைத் தெரிந்துகொள்ள நடந்துதான் பார்க்க வேண்டும்.

அடுத்த பயணம் யானைமலை அடிவாரம். இந்தத் தடவை அப்பாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நீங்களும் வாங்க!

— மூன்றாமாண்டு மாணவன், சிவில் பிரிவு