பில்லி ஐலிஷ் கிசுகிசுக்கிறாரா?

பில்லி ஐலிஷின் ரசிகர்கள் நாலு பேர் கூடினால் ஒரு சண்டை நிச்சயம். "இவங்களுக்குப் பாடவே தெரியாது, சும்மா காதுக்குள்ள கிசுகிசுக்கிறாங்க" என்று ஒருவர் கிளப்பிவிடுவார். "'ஹேப்பியர் தேன் எவர்' பாட்டோட பின்பாதியைக் கேட்டுட்டு வந்து பேசு" என்று இன்னொருவர் மல்லுக்கு நிற்பார். மூன்றாமவர் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளாமல், அடுத்த ஆல்பம் எப்போது, யாரோடு சேர்ந்து பாடப்போகிறார் என்று கேட்டுக்கொண்டிருப்பார். மூன்று பேருக்கும் அறிவியலிடம் கொஞ்சம் பதில் இருக்கிறது.

பில்லியைத் தெரியாதவர்களுக்கு: 2001இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தவர். 13 வயதில் அவர் பாடிய 'ஓஷன் ஐஸ்' என்ற பாட்டை அண்ணன் ஃபின்னியஸ் 2015இல் இணையத்தில் ஏற்றினார். 2020 கிராமி விழாவில் முக்கியமான நான்கு விருதுகளையும் ஒரே இரவில் வாங்கியபோது பில்லிக்கு 18 வயது.

சரி, அவர் கிசுகிசுக்கிறாரா? இதை வீட்டிலேயே சோதித்துவிடலாம். இரண்டு விரல்களைத் தொண்டையின் முன்பக்கம் வைத்து "ம்ம்ம்ம்" என்று இழுங்கள். விரலில் ஓர் அதிர்வு தெரியும். குரல்வளைக்குள் இருக்கும் குரல் நாண்கள் என்ற இரண்டு சதை மடிப்புகள் ஒன்றோடொன்று மோதிப் பிரிவதால் வரும் அதிர்வு அது. வளர்ந்தவர்களுக்குக்கூட அவற்றின் நீளம் இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டாது. இப்போது "ஸ்ஸ்ஸ்ஸ்" என்று சொல்லுங்கள். அதிர்வு நின்றுவிடும். அடுத்து, பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் சொல்வதுபோல "நாளைக்கு வா" என்று கிசுகிசுத்துப் பாருங்கள். சொல் கேட்கிறது, விரலில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. கிசுகிசுக்கும்போது குரல் நாண்கள் அதிர்வதே இல்லை. குறுகிய வழியில் காற்று உரசிப் போகிற சத்தத்தை நாக்கும் உதடும் சொல்லாக மாற்றிவிடுகின்றன, அவ்வளவுதான்.

இனி அசல் சோதனை. உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டை அதே கிசுகிசுப்பில் பாடுங்கள். வார்த்தை வரும், தாளமும் வரும். மெட்டு வராது! சுருதி என்பது குரல் நாண்கள் ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கின்றன என்ற கணக்கு. 220 முறை அதிர்ந்தால் ஒரு சுரம், 440 முறை அதிர்ந்தால் அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே. அதிர்வே இல்லாத இடத்தில் சுரத்துக்கு எங்கே போவது?

பில்லியின் பாட்டில் மெட்டு தெளிவாகக் கேட்கிறது. ஆகவே அவர் கிசுகிசுக்கவில்லை. முதல் ரசிகர் தோற்றார்.

அப்படியானால் அந்த 'ஸ்' என்ற காற்றுச் சத்தம் எங்கிருந்து வருகிறது? அவர் மென்மையாகப் பாடும்போது குரல் நாண்கள் அதிர்கின்றன, ஆனால் முழுசாக மூடிக்கொள்வதில்லை. இடையில் ஒரு சிறு இடைவெளி திறந்தே கிடக்கிறது. துருத்தியில் ஓட்டை விழுந்த ஆர்மோனியத்தில் சுரத்தோடு கூடவே 'புஸ்' என்று காற்றும் கேட்குமே, அந்த மாதிரி. பாடகர்கள் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள். செய்வது சுலபம் என்று நினைப்பவர்கள் மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு ஒரே சுரத்தில் "ஆ" என்று கணீரெனப் பாடி, எத்தனை நொடி தாங்குகிறது என்று பார்க்கட்டும். பிறகு அதே சுரத்தில், காற்றுக் கலந்த குரலில் "ஹா" என்று பாடட்டும். இரண்டாவது முறை மூச்சு சீக்கிரமே தீர்ந்துவிடும், காற்று வீணாகக் கசிகிறது அல்லவா! அந்தக் கசிவோடு சுருதி பிசகாமல், வரியின் கடைசிச் சொல் வரை மூச்சைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது லேசான வேலை இல்லை.

சரி, இவ்வளவு மெல்லிய குரல் பெரிய விளையாட்டு அரங்கத்தின் கடைசி வரிசைக்கு எப்படிப் போகிறது? ஒலிபெருக்கி என்று உடனே சொல்லிவிடுவீர்கள். ஒலிபெருக்கி பாதிப் பதில்தான். மீதிப் பாதி மைக்கை வைக்கிற இடத்தில் இருக்கிறது. வாயிலிருந்து மைக் 5 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது, நீங்கள் 1 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்று வையுங்கள். உங்கள் தூரம் 20 மடங்கு. ஒலி எல்லாப் பக்கமும் விரிந்துகொண்டே போவதால், தூரம் 20 மடங்கானால் அதன் செறிவு 20ஐ 20ஆல் பெருக்கிய அளவுக்கு, அதாவது 400இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். (சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியைச் சேர்க்காமல் போட்ட கணக்கு இது.) எதிரே நிற்கிறவருக்குக் கேட்காத மூச்சிழுப்பு, நாக்கு ஒட்டிப் பிரியும் சத்தம், உதடு திறக்கும் 'ப்ச்' எல்லாமே மைக்குக்குக் கேட்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. முன்பக்கத்து ஒலியை மட்டும் குறிவைத்துப் பிடிக்கிற வகை மைக்குகளில், வாய் நெருங்க நெருங்கக் கீழ்ச்சுருதி ஒலிகள் தடித்துக் கேட்கும். வானொலி அறிவிப்பாளர்களின் குரல் கம்பீரமாக இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு. இப்படி மூச்சும் நாக்கும் துல்லியமாகக் கேட்டால், பாடுகிறவர் நம் தோளருகே இருக்கிறார் என்றே மூளை முடிவுகட்டிவிடும். நேரில் அந்தச் சத்தங்களை நாம் கேட்பது அவ்வளவு பக்கத்தில்தானே!

மின் மைக் வைத்துப் பாட்டுப் பதியும் முறை 1925இல்தான் பரவத் தொடங்கியது. அதற்கு முன் பாடகர்கள் ஒரு பெரிய கூம்புக்குள் முகத்தை வைத்து உரக்கப் பாட வேண்டியிருந்தது. பில்லி அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் ரெக்கார்டில் காற்றுகூட விழுந்திருக்காது.

2019இல் வெளிவந்த அவருடைய முதல் முழு ஆல்பம் பெரிய ஸ்டுடியோவில் பதிவானதில்லை. பெற்றோர் வீட்டில், ஃபின்னியஸின் சின்னப் படுக்கையறையில்தான் பெரும்பாலும் பதிந்தார்கள். மெத்தை, தலையணை, துணிமணி நிறைந்த அறை ஒலியை உறிஞ்சிக்கொள்ளும், எதிரொலி குறையும். குளியலறை இதற்கு நேர் எதிர். வழவழப்பான சுவர்கள் ஒலியைத் திருப்பித் திருப்பி அடிப்பதால் யார் பாடினாலும் பாடகர்போல் தோன்றும். மெல்லிய குரலுக்குக் குளியலறை ஆகாது. எதிரொலியில் மூச்சுச் சத்தமெல்லாம் குழம்பிப்போகும்.

இரண்டாவது ரசிகரை மறந்துவிட்டோமே. 2021இல் வந்த 'ஹேப்பியர் தேன் எவர்' பாட்டு ஒரு சிறு கிதாரோடு முணுமுணுப்பாகத் தொடங்கும். பாதியில் மின்கிதார்கள் இடிக்க, பில்லி உச்சக் குரலில் கத்திப் பாடுவார். அப்போது குரல் நாண்கள் இடைவெளி விடாமல் இறுக மூடுகின்றன. கீழிருந்து நுரையீரல் அதிக அழுத்தத்தில் காற்றைத் தள்ளுகிறது. மூடல் சட்டென்று நிகழ்வதால் அடிச்சுரத்தோடு, அதன் மடங்குகளில் அதிரும் மேற்சுரங்களும் நிறையப் பிறக்கின்றன. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் (அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகள்) வரையிலான பகுதியை. மேற்சுரங்கள் பல அங்கேதான் போய் விழுகின்றன. என்னைக் கேட்டால் அவருடைய பாட்டுகளில் அறிவியல் வகுப்புக்கு மிகவும் பொருத்தமானது இதுதான். ஒரே தொண்டை இரண்டு விதமாக வேலை செய்வதை ஐந்து நிமிடத்துக்குள் கேட்டுவிடலாம்.

சேர்ந்து பாடுவதற்கு வருவோம். 2018இல் காலித் என்ற பாடகரோடு 'லவ்லி' பாடினார். 2021இல் ஸ்பெயினின் ரோசலியாவோடு ஸ்பானிய மொழியில் பாடினார். காலித்தைப் போன்ற ஆண் குரல் பொதுவாகத் தாழ்வான சுருதியில் நிற்பதால், பெண் குரலோடு சேரும்போது ஒன்றை ஒன்று மறைக்காமல் இரண்டும் தனித்தனியே காதில் விழும். ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக அவர் பாடிய 'நோ டைம் டு டை' (2020) வேறு சிக்கல். அதில் கூட வாசிப்பது ஒரு முழு ஆர்க்கெஸ்ட்ரா. மைக் இல்லாத ஆப்பரா பாடகர்கள் தொண்டையின் உள்வடிவத்தை மாற்றி, 3000 ஹெர்ட்ஸ் பக்கம் குரலைக் கூர்மையாக்கிக்கொள்வார்கள். வாத்தியங்களின் பலம் அங்கே குறைவு என்பதால் குரல் தப்பித்து வெளியே வந்துவிடும். சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பில்லிக்கு அந்தத் தேவை இல்லை, மைக் இருக்கிறது. ஆனாலும் பாட்டின் முடிவை ஒட்டி ஓரிடத்தில் குரலை நன்றாகவே உயர்த்திவிடுகிறார்.

ரசிகர்கள் பட்டியலிட மறந்துபோகிற கூட்டாளிகளும் உண்டு. 'பேட் கை' பாட்டில் டிக்டிக்கென்று ஓடும் ஒரு சத்தம், ஆஸ்திரேலியாவின் சிட்னியில் சாலையைக் கடக்க அழுத்தும் பொத்தானிலிருந்து பில்லி தன் போனில் பதிந்தது. பார்வையற்றவர்களுக்குக் குறிப்புக் கொடுப்பதற்காக வைத்த சத்தம் அது. 'பரி எ ஃபிரெண்ட்' பாட்டில் பல் மருத்துவரின் துளைப்பான் கேட்கும். பல் கூசுகிறவர்கள் அதை ஹெட்போன் இல்லாமல் கேட்பது நல்லது.

மூன்றாவது ரசிகருக்குத் தேதி சொல்ல என்னால் ஆகாது. ஆனால் குரல் எந்தப் பக்கம் போகும் என்று கொஞ்சம் ஊகிக்கலாம். ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடையும்போது சுருதி ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும். பெண் பிள்ளைகளுக்கும் சில அரைச்சுரங்கள் இறங்கும், யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. 13 வயதில் 'ஓஷன் ஐஸ்' பாடிய அதே தொண்டை இப்போது இல்லை. 2024இல் வந்த 'ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்' ஆல்பத்தில் 'பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்' பாட்டின் பிற்பகுதியைக் கேளுங்கள். முன்பு அதிகம் போகாத உயரத்தில் உரத்துப் பாடியிருக்கிறார். பயிற்சியில் தசைகள் தேறும்.

புதுப் பாட்டுக்காகக் காத்திருக்கும் ரசிகர்களுக்கு ஒரு தொல்லை. கணினியே ஒருவர் குரலைப் போலப் பாடிவிடுகிறது. 2023இல் டிரேக், தி வீக்கெண்ட் ஆகிய பாடகர்கள் இருவர் குரலிலும் ஒரு போலிப் பாட்டு உலா வந்து பலரை ஏமாற்றியது. அனுமதியில்லாமல் இப்படிச் செய்வதை எதிர்த்து 2024இல் 200க்கும் மேற்பட்ட இசைக் கலைஞர்கள் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டார்கள், பில்லியும் அதில் ஒருவர். அதே ஆண்டு 'லால் சலாம்' படத்தில் மறைந்த பாடகர்கள் ஷாகுல் ஹமீது, பம்பா பாக்யா குரல்களைக் கணினியில் மீட்ட ஏ.ஆர். ரஹ்மான், இருவர் குடும்பத்தாரிடமும் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்திருந்தார்.

அடுத்த ஆல்பம் வந்ததும் முதல் பாட்டின் முதல் வரியை ஹெட்போனில் கேளுங்கள். பாடுவதற்கு முன் மூச்சிழுப்பு கேட்கிறதா, உதடு பிரிகிற சத்தம் இருக்கிறதா, எதிரொலி எவ்வளவு என்று பாருங்கள். மைக் வாய்க்கு எவ்வளவு கிட்டத்தில் இருந்தது என்பதை அளவுகோல் இல்லாமலே ஓரளவு சொல்லிவிடுவீர்கள்.